டண்டீ குன்றுகளில் ஏன் வீடுகள் இல்லை?

போர்ட்லண்டிலிருந்து தென்மேற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் டண்டீ என்றொரு சின்ன ஊர் வரும். ஊருக்கு மேலே சிவப்பு மண் குன்றுகள். குன்றுகள் முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இங்குள்ள நம்மாட்கள் முதல் நாள் மல்ட்னோமா அருவிக்கும், இரண்டாம் நாள் கடற்கரைக்கும் கூட்டிப்போவோம். மூன்றாம் நாள் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் டண்டீக்கு வண்டியைத் திருப்புவோம்.

அப்படித்தான் என் மச்சானையும் கூட்டிப்போனேன். அவருக்குக் கோவைப் பக்கம் சைட் போட்டு விற்கிற தொழில். ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிக்குது" என்று கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில் நாள், தூரத்தில் ஹூட் மலை பனியோடு தெரிந்தது.

"ஏன் மாப்ள, டவுன்ல இருந்து முக்கால் மணி நேரம். இப்படி ஒரு வியூ. இங்க சைட் போட்டா சென்ட் என்ன விலைக்குப் போகும்! ஒருத்தனும் வீடு கட்டாம எப்படி விட்டு வெச்சிருக்காங்க?"

நான் எல்லோரும் சொல்கிற பதிலைச் சொன்னேன். இந்த மண்ணும் குளிரும் பினோ நுவார் திராட்சைக்கு ரொம்பப் பொருத்தம், அதனால் இங்கே ஒயின் தொழில் வளர்ந்தது, நிலத்துக்கு அதுவே விலை கொடுக்கிறது என்றேன். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மண் நல்லா இருக்கிறது என்பதற்காக எந்த ஊரிலும் யாரும் வீடு கட்டாமல் இருந்ததில்லையே!

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். நான் ஒயின் நிபுணன் கிடையாது, வருஷத்துக்கு நாலு கிளாஸ் குடித்தால் அதிகம். ஆனால் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படி வரிசைப்படுத்தியதில் வந்ததுதான் இந்தக் குறிப்பு.

ஒரு தடவை வளர்ந்து, ஒரு தடவை அழிந்தது

ஓரிகன் ஒயினின் கதையை 1960களில் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்னாடியே இங்கே ஒயின் போட்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த பீட்டர் பிரிட் என்ற புகைப்படக்காரர், மாநிலத்தின் தென்கோடியில் ஜாக்சன்வில் ஊரில் 1850களிலேயே கொடி நட்டார். கிரேட்டர் ஏரியை முதன்முதலில் படம் பிடித்தவரும் இவர்தான். வடக்கே, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஃபாரஸ்ட் குரோவில், எர்னஸ்ட் ராய்ட்டர் என்ற ஜெர்மானியர் 1880களில் ஒரு குன்றில் திராட்சை பயிரிட்டார். அவருடைய ஒயின் 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பதக்கம் வாங்கியது.

அப்புறம் மதுவிலக்கு வந்தது. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது 1920இல். ஓரிகன் வாக்காளர்கள் அவசரக்காரர்கள். 1914 தேர்தலிலேயே ஓட்டுப் போட்டு, 1916 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் மதுவை நிறுத்திவிட்டார்கள். கொடிகள் போயின. 1933இல் விலக்கு நீங்கியபோது தொழிலைத் திரும்பத் தொடங்கியவர்கள் பழ ஒயின்காரர்கள்தான். சேலத்தில் (நம்ம சேலம் இல்லை, ஓரிகனின் தலைநகர் சேலம்) பெர்ரிப் பழங்களில் ஒயின் போட்டார்கள். திராட்சை இங்கே விளைந்ததே மக்களுக்கு மறந்துபோனது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், முதல் முறையும் அதே மண்தான், அதே குளிர்தான். திறமையான ஆட்களும் இருந்தார்கள், பதக்கம்கூட வந்தது. அத்தனையும் இருந்தும் ஒரு சட்டத்தில் எல்லாம் போய்விட்டது. மச்சானுக்கு நான் சொன்ன பதிலில் இருந்த ஓட்டை எனக்கு இங்கேதான் முதலில் பட்டது.

மூவாயிரம் குச்சிகள்

இரண்டாம் கதைக்கு வருவோம். 1961இல் ரிச்சர்ட் சாமர் என்பவர் மாநிலத்தின் தெற்கே ரோஸ்பர்க் பக்கம் ஹில்கிரெஸ்ட் தோட்டத்தை ஆரம்பித்தார். மதுவிலக்குக்குப் பின் ஓரிகனில் பினோ நுவார் நட்ட முதல் ஆள் அவர்தான். ஆனால் போர்ட்லண்டுக்குத் தெற்கே நீள்கிற வில்லாமெட் பள்ளத்தாக்கு இன்னும் குளிரானது. அங்கே முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

டேவிட் லெட் பிறந்தது சிகாகோவில், வளர்ந்தது யூட்டாவில். தத்துவம் படித்தவர், பல் மருத்துவம் படிக்கப் போக இருந்தவர். நாபா பள்ளத்தாக்கைப் பார்த்ததும் மனசு மாறி, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை சாகுபடி படித்தார். பிறகு ஐரோப்பாவில் மாதக்கணக்கில் சுற்றினார். அங்கே அவருக்குப் புரிந்த விஷயம் இது: பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் பினோ நுவார் சிறப்பாக வருவதற்குக் காரணம், அங்கே அது கஷ்டப்பட்டுத்தான் பழுக்கிறது. வெப்பமான இடத்தில் கோடையின் நடுவிலேயே சர்க்கரை ஏறிப் பழுத்துவிடும், வாசனையும் புளிப்பும் போய்விடும். பருவத்தின் கடைசியில், இரவு குளிர ஆரம்பிக்கும்போது மெல்லப் பழுத்தால்தான் அந்தப் பழத்துக்கு ருசி. ஆகவே பினோ நுவாருக்கு வேண்டியது, அது பழுப்பதும் பழுக்காமல் போவதும் சரிபாதி வாய்ப்பாக இருக்கிற ஒரு விளிம்பு இடம்.

வில்லாமெட் பள்ளத்தாக்கு அப்படிப்பட்ட விளிம்பு. 45ஆவது அட்சரேகையில் இருக்கிறது. கோடையில் மழையே கிடையாது, நீளமான பகல். அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். பழம் பழுப்பதற்கும் மழை வருவதற்கும் வருஷா வருஷம் ஓட்டப்பந்தயம். டேவிஸ் பேராசிரியர்கள் வேண்டாம் என்றார்கள். வசந்தத்தில் பனி கருக்கும், இலையுதிர் காலத்தில் மழை அழுக்கும் என்பது அவர்கள் வாதம். அது முட்டாள்தனமான வாதம் இல்லை, பல வருஷங்களில் அப்படியே நடந்தும் இருக்கிறது.

1965இல், 25 வயதில், 3000 திராட்சைக் குச்சிகளோடு லெட் ஓரிகன் வந்தார். கார்வாலிஸ் ஊரில் வாடகை நிலத்தில் நாற்றங்கால் போட்டார். அடுத்த வருஷம் மனைவி டயானாவும் அவரும் டண்டீ குன்றில் 20 ஏக்கர் வாங்கி, வேர்விட்ட குச்சிகளை அங்கே நட்டார்கள். பெரிய ஃபிர் மரத்தில் பருந்துகள் கூடு கட்டியிருந்ததால் தோட்டத்துக்கு ஐரி, அதாவது பருந்துக்கூடு என்று பெயர். கொடி காய்க்கும்வரை சோற்றுக்கு வேண்டுமே? கல்லூரிப் பாடப்புத்தகங்களை ஊர் ஊராக விற்றார்.

நிலம் எப்படி அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பது ஒரு கிளைக்கதை. இந்தக் குன்றுகளில் முன்பு இருந்தவை உலர்பிளம், வால்நட், ஹேசல்நட் தோப்புகள். 1962 அக்டோபர் 12 அன்று அடித்த புயலை இங்கே வயசானவர்கள் இன்றும் கொலம்பஸ் தினப் புயல் என்று சொல்வார்கள். அது ஒரே நாளில் ஏராளமான தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டது. திரும்ப மரம் நட்டுப் பத்து வருஷம் காத்திருக்கப் பலருக்கும் தெம்பில்லை. லெட் வந்தது அதற்கு மூன்றாவது வருஷம்.

முதல் அறுவடை 1970. மெக்மின்வில் ஊரில் கோழி அறுத்துப் பதப்படுத்திய பழைய கட்டடம்தான் ஒயின் ஆலை. முதல் பினோ நுவார் ரொம்ப வெளிறிப்போய் வந்ததால், அதை பினோ நுவார் என்று சொல்லிக்கொள்ளவே அவருக்கு மனசில்லை. லேபிளில் ஓரிகன் வசந்த ஒயின் என்று போட்டு விற்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள்

லெட் ஒருவரோடு நின்றிருந்தால் இது ஒரு பிடிவாதக்காரரின் கதையாக முடிந்திருக்கும். ஆனால் அடுத்த ஐந்தாறு வருஷத்தில் வந்து சேர்ந்தவர்களைப் பாருங்கள். சார்ல்ஸ் கூரி, லெட்டின் டேவிஸ் சகா. ஃபாரஸ்ட் குரோவில் அவர் தேர்ந்தெடுத்தது, அந்தப் பழைய எர்னஸ்ட் ராய்ட்டரின் அதே குன்றை! டிக் ஈரத் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். 1968இல் பீவர்ட்டனில் டெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்காக வந்து, வார இறுதிகளில் கொடி நட்டவர். (இந்த ஊரில் வேலை பார்க்கிற இன்ஜினீயர்கள் இதைப் படித்து ஏதாவது விபரீத முடிவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.) டிக் பான்சி டிஸ்னி பூங்காக்களின் ராட்டினங்களை வடிவமைத்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். 1970இல் தோட்டம் போட்டார். டேவிட் அடல்ஷைம் 1971இல் செஹேலம் மலைப் பக்கம் நிலம் வாங்கினார். சோகால் பிளாசர் தோட்டத்தைத் தொடங்கிய சூசன், பில் தம்பதியில் பில் பிளாசர் நகரத் திட்டமிடல் துறைக்காரர். இந்தக் கடைசிப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இவர்களில் பரம்பரையாக ஒயின் தொழில் செய்த குடும்பத்தார் யாரும் இல்லை. யாருக்கும் முழுசாகத் தெரியாது என்பதால் தெரிந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். குச்சி, இயந்திரம், வாங்கிய அடி எல்லாமே பொதுச் சொத்தாக இருந்தது. ஓப்பன் சோர்ஸ் என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலேயே அதே மாதிரி ஒரு ஏற்பாடு.

ஒரு உதாரணம். அடல்ஷைம் 1974இல் பர்கண்டியின் போன் நகரில் இருக்கிற திராட்சை சாகுபடிப் பள்ளிக்குப் போய் வேலை பார்த்தார். அங்கே ஒன்றைக் கவனித்தார். ஓரிகனில் ஷார்டனே ரகம் பினோ நுவாருக்கு ரொம்பப் பின்னால் பழுக்கும், பல நேரம் மழையில் மாட்டிக்கொள்ளும். பர்கண்டியிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்கின்றன. ஆக, குறை ஓரிகன் வானிலையில் இல்லை. கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த ஷார்டனே கிளை ரகமே வெப்பமான இடத்துக்கானது. தப்பு நம்ம கோடில் இல்லை, எடுத்துப் போட்ட லைப்ரரியில் என்று கண்டுபிடிக்கிற மாதிரிதான்! பிறகு ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வழியாக, பிரான்ஸிலிருந்து சீக்கிரம் பழுக்கிற கிளை ரகங்களை 1980களில் வரவழைத்தார்கள். இன்று அமெரிக்கா முழுக்க டிஜான் ரகங்கள் என்று அழைக்கப்படுபவை அவைதான். வந்த ரகங்கள் ஒருவர் தோட்டத்துக்குள் அடங்கவில்லை, எல்லோருக்கும் போயின.

1973: மச்சானின் கேள்விக்கான வருஷம்

1970களின் ஆரம்பத்தில் வில்லாமெட் பள்ளத்தாக்குக்கு வந்த பெரிய ஆபத்து ரியல் எஸ்டேட். போர்ட்லண்ட் பெருத்துக்கொண்டிருந்தது. டாம் மெக்கால் அப்போது கவர்னர். ஹெக்டர் மக்ஃபெர்சன் என்ற பால்பண்ணை விவசாயி மாநில செனட்டராக இருந்தார். தன் பண்ணையைச் சுற்றி வீடுகள் நெருங்கி வருவதைக் கண்ணால் பார்த்தவர். இவர்கள் முயற்சியில் 1973இல் செனட் மசோதா 100 சட்டமானது. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி வளர்ச்சிக்கு ஒரு எல்லைக்கோடு போட வேண்டும், கோட்டுக்கு வெளியே விவசாய நிலம் விவசாயத்துக்கே. ஒவ்வொரு கவுன்டியும் தன் நிலத்தை வகைப்படுத்தி மாநிலத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இதில் திராட்சைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். நல்ல விவசாய நிலம் என்றால் எது? பள்ளத்தாக்கின் சமவெளியில் பனியுகப் பெருவெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய ஆழமான வண்டல் இருக்கிறது. கோதுமை, காய்கறி, புல்விதை எல்லாம் பிரமாதமாக விளையும். அதுதான் முதல் தர நிலம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சரிவில் இருக்கிற சிவப்பு மண், எரிமலைப் பாறை சிதைந்து உண்டானது. ஜோரி என்று பெயர். சமவெளி அளவுக்குச் சத்துக் கிடையாது. யாம்ஹில் கவுன்டி அதிகாரிகள் பார்வையில் கணக்கு ரொம்ப எளிது: சமவெளியை விவசாயத்துக்கு வைத்துக்கொள்வோம், குன்றுகளில் வியூவோடு வீடு கட்டிக்கொள்ளட்டும். என் மச்சான் டண்டீயில் நின்றுகொண்டு சொன்ன அதே யோசனை!

திராட்சைக்கோ நேர்மாறு. வண்டலில் நட்டால் இலையாகக் கொழுக்கும், பழம் பழுக்காது. குளிர்காற்றும் பனியும் பள்ளத்தில்தான் தேங்கும். கொடிக்கு வேண்டியது இந்தச் சத்துக் குறைந்த, தண்ணீர் வடிகிற, வெயில் விழுகிற சரிவுதான். அதாவது வீடு கட்ட எது நல்ல இடமோ அதே இடம்.

ஆகவே லெட், அடல்ஷைம், பிளாசர் முதலியோர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எந்த உயரம், எந்தத் திசைச் சரிவு, எந்த மண்ணில் திராட்சை வரும் என்று குறித்தார்கள். கவுன்டி கூட்டங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் வாதாடினார்கள். அப்போது மொத்தப் பள்ளத்தாக்கிலும் இருந்த திராட்சைத் தோட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இல்லாத ஒரு தொழிலுக்காக இருக்கிற வீட்டு மனையை விடச் சொல்கிறார்கள். அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் கேட்டது கிடைத்தது, சரிவுகள் விவசாய நிலமாக வகைப்படுத்தப்பட்டன. திட்டமிடல் மொழி தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தது சும்மா இல்லை. பிளாசர் பின்னாளில் அந்த மாநில நில ஆணையத்துக்கே தலைவராக இருந்தார்.

1977: தங்களுக்குத் தாங்களே போட்ட கடிவாளம்

அடுத்தது லேபிள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டிலில் பினோ நுவார் என்று போட, உள்ளே 51 சதவீதம் அந்த ரகம் இருந்தால் போதும். மீதி எதுவானாலும் சரி. கலிஃபோர்னியாவின் பெரிய ஆலைகள் சிவப்பு ஒயினுக்கு பர்கண்டி என்றும் வெள்ளைக்கு ஷாப்லி என்றும் பெயர் போட்டு ஜாடி ஜாடியாக விற்றன. திருப்பூர் போர்வைக்குக் காஞ்சிப் பட்டு என்று பெயர் வைக்கிற மாதிரி.

1977இல் ஓரிகன்காரர்கள் அரசிடம் கேட்டு வாங்கிய விதி: ரகத்தின் பெயர் போட்டால் 90 சதவீதம் அந்த ரகம் இருக்க வேண்டும் (கபர்னே சாவின்யோனுக்கு மட்டும் 75). ஊர்ப் பெயர் போட்டால் 100 சதவீதம் அந்த ஊர்ப் பழம். பர்கண்டி, ஷாப்லி மாதிரியான இரவல் பெயர்கள் கூடாது. இதை வற்புறுத்தி எழுதவைத்தது அரசாங்கம் இல்லை, தயாரிப்பாளர்களேதான். அத்தோடு விடவில்லை. ஆராய்ச்சிக்காகத் திராட்சை டன்னுக்கு இவ்வளவு என்று தங்கள் மேலேயே வரி போடச் சொல்லியும் கேட்டார்கள்.

கையில் காசில்லாத, சரக்கு விற்காத காலத்தில் எடுத்த முடிவு இது. மழை கெடுத்த வருஷத்தில் கலிஃபோர்னியா ஒயினை வாங்கிக் கலந்து சமாளிக்கிற வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள்.

1979: எல்லோருக்கும் தெரிந்த கதை

இனிமேல்தான் எல்லாக் கட்டுரையிலும் வருகிற காட்சி. 1979இல் பிரான்ஸின் கோ-மியோ பத்திரிகை பாரிஸில் ஒயின் ஒலிம்பியாட் நடத்தியது. 33 நாடுகளிலிருந்து 330 ஒயின்கள். பினோ நுவார் பிரிவில் லெட்டின் 1975 சவுத் பிளாக் ரிசர்வ் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. கோழி ஆலைக் கட்டடத்தில் போட்ட ஒயின்! பர்கண்டியின் பெரிய வணிகரான ராபர்ட் ட்ரூவேனுக்கு நம்பிக்கை வரவில்லை. எதிரே இருந்த பர்கண்டி ஒயின்கள் சரியில்லை என்று, 1980 ஜனவரியில் போன் நகரில் தன் சொந்தச் சரக்கை வைத்து மறுபோட்டி நடத்தினார். அவருடைய 1959 ஷாம்போல்-மூசின்யி முதலிடம். ஐரி இரண்டாமிடம், வித்தியாசம் 0.2 புள்ளி. தோற்றதுதான், ஆனால் அப்படித் தோற்றால் ஜெயித்த மாதிரிதான்.

ட்ரூவேன் இதைச் சாதாரணமாக விடவில்லை. 1986இல் மகள் வெரோனிக்கைப் பயிற்சிக்கு ஓரிகன் அனுப்பினார். 1987இல் டண்டீ குன்றிலேயே நிலம் வாங்கினார். அதே 1987இல் மெக்மின்வில்லில் சர்வதேச பினோ நுவார் விழா ஆரம்பமானது. இன்று மாநிலத்தில் 1000க்கு மேல் ஒயின் ஆலைகள்.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1973, 1977, 1979. நிலச் சட்டம், லேபிள் விதி, அதற்கப்புறம்தான் பாரிஸ். புகழ் வந்த பிறகு அதைப் பாதுகாக்கச் சட்டம் போடவில்லை. நேர்மாறாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1979இல் பாரிஸ் செய்தி வரும்போது குன்றுகளில் பாதி வீடாகியிருக்கும். ட்ரூவேன் வந்து பார்த்திருந்தாலும் வாங்க நிலம் இருந்திருக்காது. ராய்ட்டரின் பதக்கம் மாதிரி ஐரியின் பரிசும் உள்ளூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்கும்.

முன்னோடி என்றவுடன் நமக்கு, யாரும் நம்பாததை நம்பி நட்டவர்தான் நினைவுக்கு வருகிறார். லெட் நிச்சயம் அப்படிப்பட்டவர். ஆனால் அப்படி நம்பி நட்டவர் ராய்ட்டரும்தான். இரண்டாம் தலைமுறை கூடுதலாகச் செய்தது, கவுன்டி ஆபீசில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்த வேலை. அதைப் பற்றி யாரும் சினிமா எடுக்க மாட்டார்கள்.

கணக்கின் மறுபக்கம்

இதை ஒரு பக்கமாகச் சொல்லி முடிப்பது நியாயமில்லை. கோட்டுக்கு வெளியே நிலம் வைத்திருந்த பல குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பெரிய வயிற்றெரிச்சல். வேலிக்கு அந்தப் பக்கம் மனை விலை, இந்தப் பக்கம் விவசாய விலை. பிள்ளைக்கு ஒரு வீடு கட்டித் தரக்கூட அனுமதி கிடைக்காது. அந்தக் கோபம்தான் 2004 தேர்தலில் பிரேரணை 37 ஆக வெடித்தது: கட்டுப்பாட்டால் நிலத்தின் மதிப்புக் குறைந்தால் அரசு நஷ்ட ஈடு தரணும், இல்லையென்றால் கட்டுப்பாட்டைத் தளர்த்தணும். மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். அப்புறம் மனை போட விண்ணப்பங்கள் குவிந்ததைப் பார்த்து, 2007இல் பிரேரணை 49 மூலம் அதே மக்கள் பெருமளவு பின்வாங்கினார்கள். கோடு தானாக நிற்கவில்லை, ஒவ்வொரு தலைமுறையும் திரும்ப ஓட்டுப் போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இந்தக் கதையில் பெயர் வராதவர்கள். கொடி கட்டுவதும் கவாத்து செய்வதும் பழம் பறிப்பதும் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஒயின் ஆலைகளும் மருத்துவர்களும் சேர்ந்து, இவர்களின் மருத்துவத்துக்காக சலூத் என்ற ஏல நிதியைத் தொடங்கியது 1991இல்தான். லேபிளில் என்ன எழுதலாம் என்று விதி போட்டு 14 வருஷம் கழித்து.

மூன்றாவது, வெயில். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லண்டில் 116 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்கில் 46.7. வேலூரில்கூட அபூர்வமான வெயில். வீட்டில் ஏசி இல்லாமல் குழந்தைகளை ஈரத் துண்டோடு படுக்கவைத்த அந்த நாளை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில், அறுவடை நேரத்தில் காட்டுத்தீப் புகை வந்து பல தோட்டங்களின் பழத்தைக் கெடுத்தது. லெட் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது குளிரின் விளிம்பு என்பதால். அந்த விளிம்பு இப்போது வடக்கே நகர்கிறது. நகரத்துக்குப் போட்டது மாதிரி வெயிலுக்குக் கோடு போட எந்த கவுன்டியாலும் முடியாது.

லெட் 2008 அக்டோபரில், 69 வயதில் காலமானார். ஐரியை இப்போது மகன் ஜேசன் நடத்துகிறார்.

போன வாரம் மச்சானுக்குப் போன் போட்டு இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஒயினு முக்கியமில்ல, கவுன்டி ஆபீஸ்தான் முக்கியம்ங்கற" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், எங்கள் ஊர் வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற வயலுக்கு ஒரு பார்ட்டி வந்திருப்பதாகவும், அடுத்த மாதம் கல் நட இருப்பதாகவும் சொன்னார். அவர் தொழில் அது. நான் எதுவும் சொல்லவில்லை.